1971 பிப்ரவரி 15: லண்டனில் காசு மாறிய திங்கட்கிழமை

நீங்கள் கேட்டது இது. மாயவரத்திலிருந்து லண்டனுக்குப் படிக்கப் போன ஒரு பையனை வைத்துக் கதை எழுதுகிறீர்கள். முழுக்கதையும் 1971 பிப்ரவரியில் ஒரே நாளில் நடக்கிறது. அந்த லண்டனில் சாதாரண ஜனங்களின் ஒரு நாள் எப்படி இருந்தது, என்ன பாட்டு ஓடியது, கையில் என்ன காசு இருந்தது, எதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள் என்று விவரம் வேண்டும். முதல் காட்சியில் பையன் விடிந்ததும் அம்மாவின் கடிதத்தைப் பிரிக்கிறான், கடைசியில் கோயிலுக்குப் போகிறான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் 15ஆம் தேதி, திங்கட்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் தன் பழைய பவுண்டு, ஷில்லிங், பென்னிக் கணக்கை விட்டுவிட்டு நூறு பென்னி ஒரு பவுண்டு என்ற தசமக் கணக்குக்கு மாறிய நாள் அது. பல நூற்றாண்டுப் பழக்கம் ஒரே நாளில் மாறினால் ஊரே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும் என்று தோன்றும், இல்லையா? அப்படி எதுவும் நடக்கவில்லை. பெரிய குழப்பம் இல்லாமல் நாள் கழிந்தது, அது ஏன் என்பதுதான் எனக்கு அந்த நாளில் மிகவும் பிடித்த விஷயம். அதற்கு வருகிறேன்.

முதலில் அந்தக் கடிதத்தை எடுத்துவிடுங்கள். 1971 ஜனவரி 20 முதல் மார்ச் 8 வரை பிரிட்டன் முழுக்க தபால் ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். கிட்டத்தட்ட ஏழு வாரம். சங்கத் தலைவர் டாம் ஜாக்சன், பெரிய முறுக்கு மீசைக்காரர், அந்த நாட்களின் செய்திப் படங்களில் அந்த மீசையைப் பார்க்காமல் தப்ப முடியாது. தபால் துறைக்கு மட்டுமே இருந்த உரிமையை அரசாங்கம் தற்காலிகமாகத் தளர்த்தியதால் ஆங்காங்கே தனியார் தபால் சேவைகள் முளைத்து, சொந்தமாக ஸ்டாம்பு அச்சடித்துக்கூட ஒட்டினார்கள், ஆனால் மாயவரத்துக் கடிதம் பையன் கைக்கு வந்து சேர்ந்திருக்காது. டெலிபோனும் உதவாது. இந்தியாவுக்குப் பேச ஆபரேட்டரிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், மாணவன் ஒருவனுக்குக் கட்டுப்படியாகிற காரியம் இல்லை, போதாக்குறைக்கு டெலிபோன் ஆபரேட்டர்களும் அதே சங்கம். ஊரிலோ மார்ச் முதல் வாரம் நாடாளுமன்றத்துக்கும் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல், தெருவெல்லாம் கொடியும் மைக் செட்டுமாக இருந்திருக்கும். அந்தச் சமயத்தில் வீட்டிலிருந்து ஒரு வரி கூட வராமல் கிடக்கிற பையன் என்று எழுதினால், கடிதம் வந்ததைவிட அது உங்கள் கதைக்கு வலுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்து, விடிந்ததும் என்கிறீர்களே, எத்தனை மணிக்கு விடிந்தது? இது பலருக்குத் தெரியாத விஷயம். 1968 முதல் 1971 அக்டோபர் கடைசி வரை பிரிட்டன் ஒரு சோதனை நடத்தியது. கோடைக்காலத்துக்காக ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் கடிகாரத்தைக் குளிர்காலத்திலும் திருப்பி வைக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் பிப்ரவரி நடுவில் லண்டனில் சூரியன் உதிக்கவே எட்டே கால் மணி ஆகும். பிள்ளைகள் இருட்டிலேயே பள்ளிக்கூடம் கிளம்பினார்கள், பால்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் இதைத் திட்டித் தீர்த்தார்கள். ஏழு மணிக்கு ஜன்னலில் வெயில் அடித்தது என்று எழுதிவிடாதீர்கள். ஊருக்கும் அங்கும் நேர வித்தியாசம் அன்று நாலரை மணி நேரம்தான்.

பையன் தங்கியிருப்பது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை என்றால், அறையில் ஒரு கேஸ் மீட்டர் இருக்கும். காசு போட்டால்தான் கணப்பு எரியும், காசு தீர்ந்தால் அணைந்துவிடும். அதற்குப் போட வேண்டியது ஷில்லிங். குளிர்காலத்தில் லண்டனில் அறை எடுத்துத் தங்கியிருந்த எவரும் ஷில்லிங்குகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருப்பார்கள், மற்ற காசை எடுத்துச் செலவழித்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். மீட்டருக்குப் போட்டது போதாமல் மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருந்தவர்களும் நிறைய, வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களின் அறைகளில் அந்த வாடை நிரந்தரமாக இருக்கும்.

சரி, காசுக்கு வருவோம்.

பழைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதாகவே தெரிந்திருக்காது. 12 தம்படி ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய் என்று நாமும் இதே மாதிரிதான் எண்ணிக்கொண்டிருந்தோம். 1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா நயா பைசாவுக்கு மாறியது. உங்கள் பையனுக்கு 1971இல் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது என்றால், ஊரில் அணா போய்ப் பைசா வந்தபோது அவனுக்கு எட்டு ஒன்பது வயது. ஆக இந்த மாற்றத்தை வாழ்க்கையில் இரண்டாவது முறையாகப் பார்க்கிறவன் அவன். அந்தக் கடைத்தெருவில் நிற்கிற ஆங்கிலேயர்களில் பெரும்பாலானவர்களுக்கு இல்லாத அனுபவம் அது. அவனோடு படிக்கிற யாழ்ப்பாணத்து நண்பன் ஒருவனைக் கொண்டுவந்தால் இன்னும் சுவாரசியம்: இலங்கையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ரூபாய்க்கு நூறு சதம் என்று ஆகிவிட்டது. அவனுக்கு இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் பன்னிரண்டாலும் இருபதாலும் வகுக்க வேண்டி வந்திருக்கும்!

இப்போது அந்தக் குழப்பமின்மைக்குக் காரணம். மாற்றம் உண்மையில் அன்று ஒரே நாளில் நடக்கவில்லை. முடிவை 1966 மார்ச்சில் நிதியமைச்சர் ஜேம்ஸ் கேலகன் அறிவித்தார். 1968 ஏப்ரலில் புது 5 பென்னியையும் 10 பென்னியையும் வெளியிட்டார்கள். இதில்தான் கெட்டிக்காரத்தனம்: புது 5 பென்னி அச்சு அசலாகப் பழைய ஷில்லிங்கின் அளவு, அதே மதிப்பு. புது 10 பென்னி பழைய இரண்டு ஷில்லிங்கின் அளவு, அதே மதிப்பு. மூன்று வருஷமாக ஜனங்கள் இரண்டையும் கலந்து செலவழித்துக்கொண்டிருந்தார்கள், எது புதுசு எது பழசு என்று பார்க்கக்கூட இல்லை. நான் சொன்ன கேஸ் மீட்டரில் புது 5 பென்னி அப்படியே விழும், மீட்டரை மாற்ற வேண்டியதில்லை. 1969 அக்டோபரில் ஏழு பக்கம் கொண்ட 50 பென்னி வந்தது, பத்து ஷில்லிங் நோட்டுக்குப் பதிலாக. அதற்கு மட்டும் எதிர்ப்பு வலுவாக இருந்தது, 10 பென்னியோடு கலந்து ஏமாறுகிறோம் என்று புகார் குவிந்தது, ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் அந்த ஏழு மூலைக் காசை எதிர்க்கவே ஒரு சங்கம் ஆரம்பித்தார். அப்புறம் பழகிவிட்டது. நடுவிலேயே பழைய அரைப் பென்னியும், அரை கிரவுன் எனும் இரண்டரை ஷில்லிங் காசும், பத்து ஷில்லிங் நோட்டும் ஒவ்வொன்றாக விடைபெற்றுவிட்டன. ஆகவே 1971 பிப்ரவரி 15 அன்று புதிதாகக் கைக்கு வந்தவை மூன்றே மூன்று செம்புக் காசுகள்: 2 பென்னி, 1 பென்னி, அரைப் பென்னி.

உங்கள் பையன் அரை கிரவுன் எடுத்துக் கொடுத்தான், பத்து ஷில்லிங் நோட்டை நீட்டினான் என்று எழுதினால் தப்பாகிவிடும், இரண்டும் அதற்கு முன்பே செல்லாமல் போய்விட்டன. ஆறு பென்னிக் காசு இருந்தது. பன்னிரண்டு பக்கம் கொண்ட மஞ்சள் நிற மூன்று பென்னியும், பெரிய பழைய பென்னியும் இருந்தன.

அந்தப் பழைய பென்னியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். நான் பழைய காசுகள் சேர்ப்பவன், என்னிடம் சில இருக்கின்றன. 31 மில்லிமீட்டர் அகலம், 9 கிராமுக்கு மேல் எடை. ஒரு பவுண்டுக்கான பென்னியைப் பையில் போட்டால் இரண்டேகால் கிலோ! 1860இல் அடித்த விக்டோரியா மகாராணியின் செம்புப் பென்னி கூட 1971 வரை செல்லுபடியாகும் காசுதான், தேய்ந்து தேய்ந்து முகத்தில் மூக்கு கூடத் தெரியாமல் வழவழவென்று ஆகியிருக்கும், ஆனாலும் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். அன்று காலையில் யாராவது சட்டைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினால் விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், எலிசபெத் என்று ஐந்து தலைமுறைத் தலைகள் மேஜையில் கிடந்திருக்கும். புதுப் பென்னியோ 20 மில்லிமீட்டர், மூன்றரை கிராம். அதுவும் யோசித்துச் செய்ததுதான்: 2 பென்னியின் எடை 1 பென்னியைப் போல் சரியாக இரண்டு மடங்கு, அரைப் பென்னியின் எடை சரிபாதி. மூன்றையும் கலந்து ஒரு பையில் போட்டுத் தராசில் வைத்தாலே மொத்தப் பணம் எவ்வளவு என்று வங்கிக்காரர்கள் சொல்லிவிடலாம். இந்தக் காசுகளை நீல நிற அட்டையில் பதித்து, பிப்ரவரிக்கு முன் செலவழிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையோடு முன்கூட்டியே நினைவுப் பொருளாகவும் விற்றார்கள். இன்றும் பழங்காசுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வங்கிகள் பிப்ரவரி 10, புதன்கிழமை மதியம் மூன்றரை மணிக்குக் கதவைச் சாத்தியவை, 15ஆம் தேதி காலை பத்து மணிக்குத்தான் திறந்தன. நடுவில் இருந்த நாட்களில் பாக்கியிருந்த பழைய செக்குகளைத் தீர்த்து, ஒவ்வொரு கணக்கையும் புதுப் பணத்துக்கு மாற்றினார்கள். ரயில்வே ஒரு நாள் முன்பே, ஞாயிறு 14 அன்றே மாறிவிட்டது. தேசியப் பேருந்து நிறுவனத்தின் பேருந்துகள் ஒரு வாரம் கழித்து, 21ஆம் தேதிதான் மாறின. அதனால் பையனை ரயிலில் ஏற்றுங்கள், சிக்கல் இல்லை.

அப்படியானால் ஜனங்கள் எங்கேதான் திணறினார்கள்? சில்லறையில். ஒரு ஷில்லிங் என்றால் 5 பென்னி, இரண்டு என்றால் 10, அது சுலபம். ஷில்லிங்குக்குக் கீழே வந்தால்தான் வம்பு, ஏனென்றால் ஒரு புதுப் பென்னி என்பது 2.4 பழைய பென்னி. இந்த 2.4 தலையெழுத்து அல்ல, பிரிட்டன் தானே தேர்ந்தெடுத்தது. தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அறுபதுகளில் தசமத்துக்கு மாறியபோது பத்து ஷில்லிங்கைப் புது அலகாக வைத்துக்கொண்டன. பத்து ஷில்லிங் 120 பென்னி, அதை நூறாக்கினால் ஒரு சென்ட் 1.2 பென்னி, பழசுக்கும் புதுசுக்கும் பெரிய இடைவெளி இல்லை. பிரிட்டனால் பவுண்டை விட மனசு வரவில்லை. உலகச் சந்தையில் பவுண்டுக்கு இருந்த மதிப்பு முக்கியம் என்று வாதிட்டவர்கள் ஜெயித்தார்கள், அதன் விலையைச் சந்தைக்குப் பை தூக்கிப் போன பாட்டிகள் கொடுத்தார்கள் என்பதுதான் என் எண்ணம். அரைப் பென்னி என்று ஒரு குட்டிக் காசை அடிக்க வேண்டி வந்ததற்கும் காரணம் இதுதான்.

கடைகளில் ஒட்டியிருந்த அட்டவணையைத் தருகிறேன், கதைக்கு உதவும். பழைய 1 பென்னிக்கு புது அரை, 2க்கும் 3க்கும் 1, 4க்கு ஒன்றரை, 5க்கு 2, 6க்கு இரண்டரை, 7க்கு 3, 8க்கு மூன்றரை, 9க்கும் 10க்கும் 4, 11க்கு நாலரை, 12க்கு 5. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், மொத்தத்தில் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அரசாங்கத்தின் வாதம். கணக்குப்படி அது உண்மைதான். ஆனால் கடை முன்னால் நிற்கிறவர் மொத்தத்தைப் பார்ப்பதில்லை. ஒரு சாமான் 4 ஷில்லிங் 9 பென்னி என்று வையுங்கள். அட்டவணைப்படி 24 புதுப் பென்னி. மூன்று வாங்கினால் 72. ஆனால் பழைய கணக்கில் மூன்றையும் கூட்டிவிட்டு மாற்றினால் 14 ஷில்லிங் 3 பென்னி, அதாவது 71. ஒரு பென்னி எங்கே போனது? இப்படி ஒரு தகராறு உங்கள் கதையில் கல்லாப்பெட்டி முன்னால் நடக்கலாம், பொருந்தும். மூன்றால் பெருக்கி மனசுக்குள் ஷில்லிங்காக மாற்றுகிற வேகம் மாயவரத்துக் கடைத்தெருவில் வளர்ந்த பையனுக்கு நிச்சயம் இருக்கும்.

பழைய பென்னியும் மூன்று பென்னியும் அன்றோடு செல்லாமல் போகவில்லை. இரண்டு வகைக் காசும் சேர்ந்தே புழங்கலாம் என்று ஒரு இடைக்காலம் வைத்தார்கள். ஒரு நிபந்தனை: பழைய செம்பைக் கொடுத்தால் ஆறு ஆறாகக் கொடுங்கள் என்று சொன்னார்கள், ஏனென்றால் பழைய ஆறு பென்னிதான் புதுக் கணக்கில் மிச்சமில்லாமல் இரண்டரைக்குப் பொருந்தும். எடுத்துக்காட்டாக, 1 ஷில்லிங் 7 பென்னிக்கு விற்ற சாமான் அன்று 8 புதுப் பென்னி. பையனிடம் ஒரு ஷில்லிங், ஒரு ஆறு பென்னி, காலையில் எங்கோ சில்லறையாக வந்த பளபளக்கும் ஒரு புது அரைப் பென்னி இருந்தால், மூன்றையும் கல்லாவில் வைத்துவிடலாம், கணக்கு நேர். 5, இரண்டரை, அரை. இல்லாவிட்டால் பெரிய காசைக் கொடுத்துவிட்டு மீதியை வாங்கிக்கொள்வதுதான் வழி, எல்லா விளம்பரமும் அதைத்தான் சொன்னது.

விளம்பரம் என்றால் சாதாரண விளம்பரம் இல்லை. வீடு வீடாக விளக்கப் புத்தகம் போட்டார்கள். தசம நாணய வாரியம் என்று ஒன்றை அமைத்து, ஃபிஸ்க் பிரபுவைத் தலைவராக்கியிருந்தார்கள், அவர் முகம் டிவியில் அடிக்கடி வரும். மேக்ஸ் பைகிரேவ்ஸ் என்ற பிரபல பாடகர் இந்த மாற்றத்தைப் பற்றியே ஒரு பாட்டு ரெக்கார்டு வெளியிட்டார். பிபிசி ஐந்து நிமிடத் தொடர் ஒளிபரப்பியது. தனியார் டிவியான ஐடிவி ஒரு சின்ன நாடகமே போட்டது: புதுக் காசு புரியாமல் முரண்டு பிடிக்கிற ஒரு பாட்டிக்குப் பேரன் கற்றுக்கொடுக்கிறான். வீடுகளில் நடந்ததும் அதுதான். பள்ளிக்கூடத்தில் புதுக் கணக்குப் படித்த பிள்ளைகள் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஹாரட்ஸ் போன்ற பெரிய கடையில் வைக்கோல் தொப்பியும் நீலப் பட்டையும் அணிந்த பெண்களை நிறுத்தி, சந்தேகம் கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்ல வைத்தார்கள்.

என்ன பாட்டு ஓடியது என்று கேட்டீர்கள். அந்த வாரம் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது ஜார்ஜ் ஹாரிசனின் ‘மை ஸ்வீட் லார்ட்’. ஜனவரி கடைசியில் முதலிடத்துக்கு வந்து ஐந்து வாரம் அங்கேயே இருந்தது. அதில் பின்பாட்டாக ஹரே கிருஷ்ணா வரும், குரு பிரம்மா சுலோகம் கூட வரும். லண்டனில் ஏதோ ஒரு கடையில் ரேடியோவில் பிபிசி ரேடியோ 1 ஓடிக்கொண்டிருக்க, அதிலிருந்து பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் கேட்ட சுலோகம் வருகிறது என்றால் அந்தப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும்? இது கற்பனை இல்லாமல் அன்று நடந்திருக்கக்கூடியது, விட்டுவிடாதீர்கள். நிலத்திலிருந்து ஒலிபரப்பாகும் தனியார் ரேடியோ லண்டனில் 1973இல்தான் வந்தது, ஆக ரேடியோ என்றால் பிபிசி. இன்னொன்று, அந்த பிப்ரவரி 1 முதல் பிரிட்டனில் ரேடியோவுக்கு மட்டுமான லைசென்ஸ் ரத்தாகிவிட்டது. நம் ஊரில் அப்போதும், அதற்குப் பல வருஷம் பின்னும், போஸ்ட் ஆபீசில் வரிசையில் நின்று ரேடியோ லைசென்ஸ் கட்டிக்கொண்டிருந்தோம்.

டிவியில் மூன்றே சேனல். கலர் ஒளிபரப்பு இருந்தது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான், அதிலும் நிறையப் பேர் மாத வாடகைக்கு எடுத்தது. ஐடிவியின் தொழில்நுட்ப ஊழியர்கள் கலருக்குக் கூடுதல் சம்பளம் கேட்டு, 1970 நவம்பரிலிருந்து கலரில் வேலை செய்ய மறுத்து, பிப்ரவரி தொடக்கத்தில்தான் சமாதானமானார்கள். ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடர் அப்போது திங்களும் புதனும் வரும். வீட்டுக்கார அம்மா அந்த நேரத்தில் வாடகை பற்றிப் பேசக்கூட எழுந்து வர மாட்டார்.

ஆண்கள் கூடும் இடத்தில் பேச்சு, காசைவிட விளையாட்டைப் பற்றித்தான் அதிகம் இருந்திருக்கும். முந்தின சனிக்கிழமை, 13ஆம் தேதி, எஃப்ஏ கோப்பையில் நான்காம் டிவிஷனில் கிடந்த கோல்செஸ்டர், அந்தக் காலத்தின் பெரும் அணியான லீட்ஸை 3-2 என்று வீழ்த்தியது. இங்கிலாந்துக் கால்பந்தின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்வார்கள். அதே சனிக்கிழமை சிட்னியில், ஆஷஸ் தொடரின் கடைசி டெஸ்டில், ஜான் ஸ்னோவின் பந்து ஆஸ்திரேலியாவின் ஜென்னர் தலையில் பட்டு, கூட்டம் டப்பாக்களை வீச, இங்கிலாந்து கேப்டன் ரே இல்லிங்வொர்த் தன் அணியை மைதானத்திலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். 15ஆம் தேதி அந்த மேட்ச் இன்னும் முடியவில்லை, 17ஆம் தேதி ஜெயித்து ஆஷஸைக் கைப்பற்றினார்கள். பையனின் கவனம் வேறு பக்கம் இருந்திருக்கும். வடேகர் தலைமையில் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸில் இருந்தது, துணைத் தலைவர் நம் வெங்கட்ராகவன், முதல் டெஸ்ட் 18ஆம் தேதி கிங்ஸ்டனில். அந்த வருஷம் ஆகஸ்ட் 24 அன்று இதே இல்லிங்வொர்த்தின் அணியை ஓவல் மைதானத்தில் வடேகரின் அணி தோற்கடித்தது, சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட். கதையை ஆகஸ்டுக்கு நீட்டிக்கொண்டு போகிற எண்ணம் இருந்தால் இதை விடவே கூடாது.

அரசியல் செய்தி என்றால், பிரதமர் எட்வர்ட் ஹீத். பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி திவாலாகியிருந்தது. இங்கிலாந்தின் பெருமை என்று நினைத்திருந்த கம்பெனி விமான எஞ்சின் செலவில் கவிழ்ந்தது, அந்த அதிர்ச்சி காசு மாறியதைவிடப் பெரிது. அப்போலோ 14 சந்திரனுக்குப் போய்விட்டு 9ஆம் தேதி திரும்பியிருந்தது.

கடைசியாக விலைவாசி. தசமக் காசு வந்துதான் விலை ஏறியது என்று இங்கிலாந்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த வருஷம் பணவீக்கம் ஒன்பது சதவீதத்தைத் தாண்டியது, ஆனால் விலையேற்றம் காசு மாறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, 1975இல் அது இருபது சதவீதத்துக்கும் மேலே போனதற்கும் காசுக்கும் சம்பந்தமில்லை. இருந்தும் அவர்கள் சொல்வதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஒரு சாமான் 5 பென்னியிலிருந்து 7 பென்னியானால் பழைய கணக்கில் உடனே உறைக்கும். 2 என்பது 3 ஆனால், எண் சின்னதாக இருப்பதால் கை சும்மா கொடுத்துவிடும். அரசாங்கமே இதைச் செய்தது. முதல் வகுப்புத் தபால் ஸ்டாம்பு பழைய 5 பென்னி, பிப்ரவரி 15 முதல் புது 3 பென்னி. அதாவது பழைய கணக்கில் 7 பென்னிக்கும் மேல். இரண்டாம் வகுப்பு பழைய 4 பென்னியாக இருந்தது, புது இரண்டரை ஆனது, பழைய 6 பென்னி, சரியாக ஒன்றரை மடங்கு. வேலைநிறுத்தத்தால் தபால் ஓடாத நாளில் அந்தப் புது ஸ்டாம்புகளை வெளியிட்டார்கள், ஸ்டாம்பு சேகரிப்பவர்களுக்கான முதல் நாள் உறைகளில் பல, வேலைநிறுத்தத்தால் தாமதம் என்ற முத்திரையோடு மார்ச்சில்தான் போய்ச் சேர்ந்தன.

பழைய பென்னியும் மூன்று பென்னியும் அந்த ஆகஸ்ட் 31 அன்று செல்லாக்காசாயின. இடைக்காலம் ஒன்றரை வருஷம் வரை நீளலாம் என்று நினைத்திருந்தார்கள், ஆறரை மாதத்தில் தேவையே இல்லாமல் போய்விட்டது. ஆறு பென்னியை மட்டும் ஜனங்கள் விட மறுத்துப் போராடியதால், இரண்டரைப் பென்னி என்ற மதிப்பில் 1980 ஜூன் வரை உயிரோடு வைத்திருந்தார்கள்.

அப்புறம் அந்தக் கோயில் காட்சி. ஹைகேட் முருகன் கோயிலும் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலும் எண்பதுகளில் வந்தவை, 1971இல் பையன் அங்கே போயிருக்க முடியாது. அவனை வேறு எங்காவது நம் ஆட்களோடு உட்கார வைக்க வேண்டுமென்றால் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இந்திய மாணவர்களுக்கான ஒய்எம்சிஏ விடுதி அப்போது இருந்தது. அல்லது ஸ்ட்ராண்ட் சாலை 143ஆம் எண் கட்டடத்தில் மாடியில் அப்போது இந்தியா கிளப் இருந்தது (2023இல் மூடிவிட்டார்கள்), இந்தியத் தூதரகத்திலிருந்து நடக்கும் தூரம், அங்கே தோசை கிடைத்தது. பில் தொகை புதுப் பென்னியில் வரட்டும், பழைய ஷில்லிங்கை நீட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள்.